சௌனாவுக்குள் எட்டுக் குஞ்சுகள்

செவ்வாய்க்கிழமை மாலை தைமி வீட்டுச் சௌனாவில் புகை தெரிந்தது. எங்கள் சாலையில் ஆறு வீடுகள். ஆறுக்கும் பின்னால் ஒரு சௌனா உண்டு, அடுப்பில் காய்ந்த கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் மரக் குடில். ஆறும் சனிக்கிழமைதான் எரியும். வேறு நாளில் புகை வந்தால் யாராவது பிறந்திருக்க வேண்டும் அல்லது இறந்திருக்க வேண்டும். எதுவானாலும் புகையைப் பார்த்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு போகலாம். அழைப்பு என்று தனியாகக் கிடையாது. வந்தவரை வாசலோடு அனுப்புவதும் கிடையாது.

ஆர்வோ முதலில் போனார். தனிக்கட்டை. மாவட்டத்தின் பனி அள்ளும் லாரியை ஓட்டுகிறவர். அது அக்டோபர் மாதம், அள்ளுவதற்குப் பனி இன்னும் விழவில்லை. நான் துண்டோடு அவருக்குப் பின்னால் நடந்தேன்.

தைமி கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தார்.

"காலடியில பாத்து வாங்க. சீக்கிரம் கதவைச் சாத்துங்க."

உடை மாற்றும் முன்னறையில், பெஞ்சுக்கு அடியில் ஆப்பிள் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் வைக்கோல். வைக்கோலில் எட்டுக் குஞ்சுகள். பிறந்து ஒரு நாள். உள்ளறையின் சூடு மரச் சுவர் வழியாக வரும் பக்கத்தில் எட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"என்னம்மா இது, சூப்பா?" என்றார் ஆர்வோ.

"உன்னைவிட மரியாதை தெரிஞ்சவங்க. துண்டை அந்தப் பக்கம் மாட்டு."

"குளிர்காலம் வர்ற நேரத்துல குஞ்சு பொரிக்கிறவளை இப்பத்தான் பாக்கறேன்."

"பாத்துட்ட இல்ல. உள்ள போ. ஆனா கல்லுமேல தண்ணி ஊத்தக் கூடாது. ஆவி இந்த ரூமுக்கு வந்தா குஞ்சுக்கு ஆகாது."

ஆர்வோ சட்டையைப் பாதி கழற்றிய நிலையில் நின்றார். "தண்ணி ஊத்தாத சௌனாவுக்கு எங்க வீட்டுல அடுப்படின்னு பேரு."

"அடுப்படின்னே வச்சுக்கோ. காபி உண்டு."

அவர் போய் உட்கார்ந்தார். காய்ந்த சூட்டில் கால் மணி நேரம் இருந்துவிட்டு, ரொட்டி மாதிரி ஆகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். காபியை மூன்று கோப்பை குடித்தார்.

தைமிக்கு அப்போது அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டாம் வகுப்பு எடுக்கும் பள்ளியில்தான் அவர் சமையல் வேலை. குட்டையான உருவம். நடக்கும்போது கைகள் இரண்டும் எதையோ தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும். பெரும்பாலும் எதையாவது தூக்கிக்கொண்டும் இருப்பார். கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து ஆறு கோழிகளைக் கொண்டுவந்தார். அதிலிருந்து முப்பத்தொரு குளிர்காலம். ஒவ்வொரு வசந்தத்திலும், எந்தக் கோழியின் கொண்டையைக் குளிர் தின்னவில்லையோ அந்தக் கோழியின் முட்டையை மட்டும் அடைக்கு வைப்பார். கடையில் வாங்கும் கோழிகளின் கொண்டை விரித்த கையைப் போல நிற்கும். ஜனவரியில் அது நுனியிலிருந்து கறுத்து உதிரும். தைமியின் கோழிகளுக்குக் கொண்டை என்பது தலையில் ஒட்டிய நாலைந்து பட்டாணிகள்தான். ஏரியிலிருந்து எவ்வளவு காற்று வந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. வெளிச்சமே இல்லாத டிசம்பரிலும் இரண்டு மூன்று முட்டை இடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏலக்காய் ரொட்டி செய்ய அந்த முட்டைகளைத்தான் கொண்டுவருவார்.

செப்டம்பரில் ஓர் இரவு நரி வந்தது. பன்னிரண்டு கோழிகளும் சேவலும் போயின. இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு மற்றவற்றைக் கடித்துப் போட்டிருந்தது. அன்று கொட்டகைக் கதவின் கொக்கியைப் போட வேண்டியவர் தைமியின் கணவர் ரெய்னோ. செப்புச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். கோழிகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் இருமல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் கொக்கியை மறந்துவிட்டார். தைமி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ரெய்னோவுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. தைமி என் வகுப்பறைக்கு ஒரு பீங்கான் கிண்ணத்தோடு வந்தார். அதில் பதினோரு முட்டைகள். சமையலறையில் ரொட்டிக்காக எடுத்து வைத்திருந்தவை.

"டீச்சர், வசந்தத்துல பசங்களுக்குக் குஞ்சு பொரிச்சுக் காட்டுவியே, அந்தப் பெட்டி எங்க?"

"இப்பவா? வெளிய வர்றப்போ அக்டோபர் ஆயிடுமே."

"ஆகும்."

"வசந்தத்துல கடையில புதுசா வாங்கிக்கலாமே தைமி."

"வாங்கலாம். ஜனவரியில ஒவ்வொண்ணுத்துக்கும் தலையில தொப்பி போட்டுவிட நீ வர்றியா?" கிண்ணத்தை என் மேசைமேல் வைத்தார். "இதுல ஒரு சேவலும் ஒரு பெட்டையும் பொழைச்சா போதும். இல்லைன்னா என் கோழி இதோட முடிஞ்சுது."

இருபத்தோராம் நாள் எட்டு முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளை வீட்டுக்குள் வைக்க வழியில்லை. அவற்றின் தூசு ரெய்னோவின் மூச்சுக்கு ஆகாது. கொட்டகையில் பல்பு தொங்கவிடலாம் என்றால், அப்படித் தொங்கவிட்டுத்தான் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் லெம்பியின் வைக்கோல் கொட்டகை எரிந்துபோயிருந்தது. மிஞ்சியது சௌனாதான். காலையில் தைமி பள்ளிக்குக் கிளம்பியதும் ரெய்னோ சிறு நெருப்பாக மூட்டுவார். மாலைவரை ஒவ்வொரு கட்டையாகப் போட்டுக்கொண்டிருப்பார். முன்னறைக்குள் போகமாட்டார். உள்ளறையின் பின்கதவு வழியாக அடுப்புக்கு மட்டும் வந்து போவார்.

இப்படித்தான் தினமும் புகை வந்தது. தினமும் துண்டோடு ஆட்கள் வந்தார்கள். விஷயம் தெரிந்த பிறகும் வந்தார்கள். குஞ்சுகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டுக் கையில் துண்டு வைத்திருந்தார்கள். தைமி ஒருவரையும் போகச் சொல்லவில்லை. கல்லில் தண்ணீர் ஊற்றும் கரண்டியைக் கூரைக்கு அருகே ஆணியில் மாட்டிவைத்தார், அவ்வளவுதான். குளிப்பதற்குத் தண்ணீர் வாளி உண்டு. கல்லின்மேல் ஊற்றுவதற்கு இல்லை. நான்கு சனிக்கிழமைகளில் மூன்று இப்படிக் காய்ந்தே போயின. ஆர்வோ ஒருமுறை எச்சிலைத் தொட்டுக் கல்லில் வைத்து அது சுர்ரென்று போவதைக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

ஆனால் ஈரத் துண்டுகள் முன்னறையில்தான் தொங்கின. மூன்றாம் வாரம் சில குஞ்சுகள் தும்மின. இன்னொன்றையும் நான் கவனித்தேன். என் வகுப்பில் வசந்தத்தில் வளரும் குஞ்சுகளுக்கு அந்த வயதில் முதுகு மூடியிருக்கும். இவற்றுக்கு இறக்கையில் மட்டும்தான் இறகு வந்திருந்தது. தைமியிடம் சொன்னேன்.

"சூடு பத்தலையோ என்னவோ," என்றார். அன்றிலிருந்து ரெய்னோ இரண்டு கட்டை அதிகம் போட்டார்.

நான்காவது சனிக்கிழமை முதல் பனி விழுந்தது. பெண்கள் முறை முதலில். தைமி, லெம்பி, நான் மூவரும் மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு வேறு பாட்டைப் பாட ஆரம்பித்த கதையை லெம்பி சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு பாட்டை வாசிக்கிறேன், அவர் இன்னொண்ணைப் பாடறார். ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல. மூணாவது அடியில ஜனங்க பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் அவர் பக்கம்."

"யாரு ஜெயிச்சா?" என்றார் தைமி.

"கடைசி வரிசையில தூங்கிட்டிருந்த ஆர்வோ எழுந்து ஆமென் சொன்னான். முடிச்சுட்டோம்."

தைமி குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து நின்று ஆணியிலிருந்து கரண்டியை எடுத்தார். வாளியில் முக்கினார். கல்லின்மேல் வீசினார்.

யோசித்துச் செய்யவில்லை. பேச்சு நன்றாகப் போகும்போது ஒரு கரண்டி ஊற்றுவது ஐம்பது வருடக் கைப்பழக்கம். ஆவி கூரையில் முட்டி எங்கள் தோளில் இறங்கியது. மூவரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஒரு மாதத்துக்குப் பிறகு காது மடல் சுட்டது. தைமி இரண்டாவது கரண்டியை ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் ஒன்று ஊற்றட்டும் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவதை ஊற்றிய கை அப்படியே நின்றது.

"ஐயோ," என்றார், மெதுவாக.

முன்னறைச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தோம். வைக்கோலை மாற்றினோம். தைமி ஆண்களை அன்று உள்ளறைக்குள் விடவில்லை. ஆர்வோ முன்னறையின் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தைமி படுக்கப் போகும்வரை நெருப்பைக் கிளறிவிட்டார்.

மறுநாள் அவர் தேவாலயத்துக்கு வரவில்லை. முடிந்ததும் நான் நேராக அவர் வீட்டுச் சௌனாவுக்குப் போனேன். முன்னறை ஜன்னலின் உள்பக்கம் விரல் தடிமனுக்குப் பனி உறைந்திருந்தது. நெருப்பு அணைந்ததும் அறையில் இருந்த ஈரமெல்லாம் குளிர்ந்து குஞ்சுகளின் மேலேயே இறங்கியிருக்கிறது. மூன்று குஞ்சுகளை தைமி செய்தித்தாளில் சுற்றி பெஞ்சின்மேல் வைத்திருந்தார். மற்ற ஐந்தும் அவருடைய ஸ்வெட்டருக்குள் இருந்தன. கழுத்துப் பக்கம் ஒரு அலகு தெரிந்தது.

"எல்லார்கிட்டயும் ஊத்தாதேன்னு சொன்னேன். ஆர்வோகிட்டச் சொன்னேன். பாதிரியார்கிட்டகூடச் சொன்னேன்," என்றார்.

"நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன் தைமி. சொல்லல."

"தெரியும். உன் மூஞ்சி தெரிஞ்சுது." ஸ்வெட்டருக்கு வெளியே தட்டிக்கொடுத்தார். "முப்பது வருஷமா ஜனவரியிலகூட கொட்டகையோட மேல் ஜன்னலைத் திறந்து வைக்கிறவ நான். குளிர் ஒண்ணும் பண்ணாது, ஈரம்தான் கொல்லும்னு இந்த ரோடு முழுக்கச் சொன்னவ. குஞ்சுன்னதும் எல்லாம் மறந்துபோச்சு. வேர்க்க வேர்க்க வளத்திருக்கேன். இறகு எப்படி முளைக்கும்? அதுக்கு என்ன அவசியம்?"

ரெய்னோ பின்கதவில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"கொட்டகைக்கே கொண்டு போயிடு," என்றார்.

"வெளிய பனி கிடக்கு ரெய்னோ. பாதி இறகுதான் இருக்கு. சூட்டுக்கு என்ன பண்றது?"

ரெய்னோ அடுப்பை மூட்டினார். ஒரு மணி நேரம் கழித்து, இடுக்கியால் சௌனா அடுப்பின் மேலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சௌனாக் கல்லை யாரும் எடுப்பதில்லை. அது போட்டது போட்டபடி கிடக்கும், உடைந்தால்தான் மாற்றுவார்கள். தன் கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்து கற்களை அவற்றுக்குள் போட்டுப் பால் வாளியில் அடுக்கி மூடினார். சௌனாவிலிருந்து கொட்டகைக்கு நாற்பது தப்படி இருக்கும். வாளியோடு நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். தைமி வாங்கிக்கொள்ளப் போனபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

கொட்டகைக்குள் நான்கு வைக்கோல் கட்டுகளைச் சதுரமாக அடுக்கி, நடுவில் வாளியை வைத்து, மேலே பாதிக்குப் பலகை போட்டார்கள். மேல் ஜன்னல் திறந்தே இருந்தது. ஐந்து குஞ்சுகளும் முதலில் கத்தின. பிறகு வாளியைச் சுற்றி உட்கார்ந்தன. வாளி காய்ந்த சூடுதான் கொடுத்தது. சூடு வேண்டிய குஞ்சு பக்கத்தில் வந்தது, வேண்டாதது தள்ளிப் போனது. பத்தே நாளில் முதுகில் இறகு முளைத்துவிட்டது.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கல்லை மாற்ற வேண்டும். அதற்கு தினமும் சௌனா எரிய வேண்டும். நவம்பர் கடைசியில் விறகு அடுக்கில் பாதி இல்லை. வீட்டுக்கும் அதே விறகுதான்.

"ஏப்ரல் வரைக்கும் வராது," என்றார் ரெய்னோ.

"பாக்கலாம்," என்றார் தைமி. அந்த வாரம் வீட்டுக்குள்ளேயே கோட்டோடு இருந்தார்கள்.

சனிக்கிழமை உள்ளே போன ஆர்வோ உடனே வெளியே தலையை நீட்டினார். "அடுப்பு மொட்டையா இருக்கு. கல்லெல்லாம் எங்க?"

"கோழிக்கு."

"கோழிக்கா?"

"ஆமா. இப்ப வேணும்னா தண்ணி ஊத்திக்கோ. இருக்கற கல்லுக்கு எவ்வளவு ஆவி வருதோ அவ்வளவு."

ஆர்வோ காபிக்கு உட்கார்ந்தபோது ஜன்னல் வழியாக விறகு அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் பள்ளியிலிருந்து தைமியும் நானும் சேர்ந்து வந்தபோது ஆர்வோ வீட்டில் புகை.

"யாரு செத்தா?" என்றார் தைமி. துண்டை எடுத்துக்கொண்டு போனோம். ஆர்வோ வாசலில் பூட்ஸோடு, தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.

"துண்டு எதுக்கு?" என்றார். "வாளி எங்க? கல்லு காஞ்சு எவ்வளவு நேரமாச்சு. புகை பாத்தா வரணும்னு தெரியாதா?"

தைமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"குளிக்கறதுக்கும் விடுவியா?"

"வாளி கொண்டுவா, விடறேன்."

புதன்கிழமை லெம்பி வீட்டில் புகை வந்தது. வியாழன் என் வீட்டில். யாரும் உட்கார்ந்து பேசி முறை வைக்கவில்லை, அப்படி அமைந்துவிட்டது. டிசம்பரில் பனி இடுப்பளவு ஏறிய பிறகு ஆர்வோ சாலைப் பனியை அள்ளிக்கொண்டே வந்து, அந்தந்த வீட்டில் வாளியை ஏற்றிக்கொண்டு தைமி வீட்டில் இறக்குவார். அந்த மாதம் எங்கள் சாலை மட்டும் ஊரிலேயே சுத்தமாக இருந்தது. காலைக்குத் தேவையான நெருப்பை மட்டும் ரெய்னோ மூட்டினார். இரவில் கொக்கியைப் போட்டுவிட்டு வந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். தைமி அதையும் பார்த்தார். அதையும் பேசவில்லை.

புத்தாண்டுக்குக் கல் தேவைப்படவில்லை. ஐந்தும் முழுக் கோழிகளாக உப்பியிருந்தன. இப்போது எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஐந்துக்கும் அதே பட்டாணிக் கொண்டை. எது சேவல்?

"அஞ்சும் பெட்டை. நடையைப் பாத்தாலே தெரியுது," என்றார் ஆர்வோ.

"பெட்டை நடையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார் தைமி. ஆனால் அவருக்கும் அந்தப் பயம்தான். என்னிடம் தனியாகச் சொன்னார்: "அஞ்சும் பெட்டைன்னா நாலு வருஷம் முட்டை தின்னலாம் டீச்சர். அப்புறம் வேலை முடிஞ்சுது."

ஒன்று மட்டும் எப்போதும் தனியாக நிற்கும். சத்தமே போடாது. கழுத்தில் வெள்ளைக் காலர் போல ஒரு வளையம். ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போலவே இருக்கிறது என்று ஆர்வோ அதற்கு லெம்பி என்று பெயர் வைத்தார். லெம்பிக்கு அதில் வருத்தமில்லை. தேவாலயத்தில் என்னைப் பார்த்தால் பேர்க்காரியை விசாரிப்பார்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. காலையில் ஒரு வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். தைமி மாவு பிசைந்துகொண்டிருந்தார். கொட்டகைக்குப் போன ரெய்னோ வேகமாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தொப்பி இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். பேச முடியவில்லை. கையால் கொட்டகைப் பக்கம் காட்டினார்.

தைமி மாவுக் கையோடு நின்றார்.

"கொக்கியா?" என்றார்.

செப்டம்பரிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. ரெய்னோ இருமிக்கொண்டே தலையை ஆட்டினார். இல்லை, இல்லை. மூச்சு திரும்பியதும், "கூவுது," என்றார்.

"எது?"

"லெம்பி."

மூவரும் போனோம். கொட்டகை வாசலில் நின்று காத்திருந்தோம். கண் இமை ஒட்டிக்கொள்ளும் குளிர். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளிருந்து துருப்பிடித்த கீலைத் திறப்பது போல ஒரு சத்தம் வந்து பாதியில் நின்றது. கூச்சம் பட்டது போல. மறுபடி வந்தது. இந்த முறை முழுதாக.

தைமி உள்ளே போய் அதைத் தூக்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலைந்து சிவந்த பட்டாணிகள். எதிலும் கறுப்பு இல்லை. அதன் முதுகில் மாவு ஒட்டியது.

"தலையைக் காட்டுடா," என்று சொல்லி மறுபடியும் பார்த்தார். பிறகு உள்ளே விட்டார்.

திரும்பி நடக்கும்போது ரெய்னோவிடம் கேட்டார். "கொக்கியைப் போட்டியா?"

"போட்டேன்."

"போய் இன்னொரு தரம் பாரு."

ரெய்னோ சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்று மாலை எல்லாக் கற்களும் தைமியின் அடுப்பில் திரும்ப இருந்தன. முன்னறையில் காத்திருந்த ஆர்வோ கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, அதில் மூன்றாவது தன்னுடையது என்றார்.

"ஆறினதும் எடுத்துக்கோ. இப்ப வெளிய போ, பொம்பளைங்க முறை."

மேல் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். லெம்பி தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். "என் பேர்க்காரி எப்படி இருக்கா?" என்றார்.

தைமி என்னைப் பார்த்தார். நான் கற்களைப் பார்த்தேன். தைமி கரண்டியை எடுத்து நிறைய முகந்து ஊற்றினார். ஆவி ஏறி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போன பிறகு பதில் சொன்னார்.

"பாட ஆரம்பிச்சுட்டா."

"பின்ன," என்றார் லெம்பி, ஆவிக்குள்ளிருந்து. "என் பேருன்னா சும்மாவா?"